ஹந்தானையில் குளிரை நம்பிய பலூன்

சூடு கூடக் கூட எல்லாம் மேலே போகும் என்பதுதான் ஐம்பது வயதுவரை எனக்குத் தெரிந்த பௌதிகம். அதை வைத்துக்கொண்டு ஒரு விஞ்ஞான ஆசிரியைக்கே ஆலோசனை சொல்லிவிட்டு நிற்கிறேன்.

காலை ஏழரை. ஏற்றத்தில் ஆட்டோ சூடாகி நின்றுவிட்டதால், நானும் ஆட்டோக்காரரும் ஹந்தானை மலையின் தேயிலைத் தோட்டப் பாடசாலை மைதானத்தில் ஒதுங்கியிருக்கிறோம். எட்டுப் பிள்ளைகள் மெல்லிய டிசுத்தாளில் ஒட்டிய ஆளுயரப் பலூனைப் பிடித்திருக்கிறார்கள். அதன் வாய்க்குக் கீழே பழைய பால்மா டின்னில் நெருப்பு எரிகிறது.

"கொஞ்சம் வெயில் வரட்டுமே டீச்சர், சுலபமா ஏறிடும்" என்பதே என் ஆலோசனை.

"நேத்து மத்தியானம் வெயில்லதான் விட்டுப் பாத்தோம் சார், அசையவே இல்ல. வெளிக்காத்தும் சூடா இருந்தா உள்ள இருக்கிற காத்து எதை விட லேசாகும்? இந்தக் குளிரை விட்டா நமக்கு வேற ஆளில்ல."

இன்றும் ஏறாவிட்டால் கண்டியில் நடக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்கு இவர்களை அனுப்ப முடியாது என்று பாடசாலை அதிபர் சொல்லியிருக்கிறாராம். அவரும் மப்ளருடன் படியில் நிற்கிறார். இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கும் நான், வாழ்க்கையில் முதல்முறையாகக் குளிர் குறையக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

தாள் மெல்ல உப்புகிறது.

"விடுங்க புள்ளைங்களா" என்கிறார் ஆசிரியை.

பலூன் சற்று யோசிக்கிறது. பிறகு கட்டிய நூலையும் இழுத்துக்கொண்டு தேயிலைச் சரிவுக்கு மேலே எழுகிறது. அதிபர் அண்ணாந்தபடியே, "எட்டுப் பேரோட பேரையும் எழுதிக் குடுங்க டீச்சர்" என்கிறார்.

ஆட்டோ ஆறிய பிறகு, மலை இறங்கும் வழியில் ஆட்டோக்காரர் கேட்கிறார்: "ஐயா எங்கயாச்சும் புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குறீங்களா?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு."