ஏழு பூக்களும் ஒரு கரண்டித் தண்ணீரும்

சைமா ஏரிக்கரைப் படகு வார்னிஷ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சிர்க்குவின் வேலை கலப்பது. ரெசின் என்ற பிசின் இரண்டு பங்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு. தராசில் நிறுக்க வேண்டும், கண்ணளவு உதவாது. தரையில் சிந்தும் சொட்டுகள் மறுநாள் கண்ணாடிபோல இறுகிக் கிடக்கும். ஒரு ஜூலையில் அப்படி ஒரு சொட்டுக்குள் கொசு ஒன்று கால்களை விரித்தபடி மாட்டியிருந்தது. அதைத் தேய்த்துத் துளையிட்டுக் காதில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

"சைமா ஏரிக் கொசு காதுகிட்ட வந்தும் கத்தாம இருக்கு பாருங்க" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள்.

தொழிற்சாலை மூடியபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. படகுக் கொட்டகையில் மேசை போட்டாள். பாசி, பிர்ச் மரப்பட்டை, காட்டுப் பூ எல்லாம் அவள் கையில் தோடாகவும் பதக்கமாகவும் ஆயின. ஆனால் கொட்டகையில் ஜூன் மாதத்திலும் குளிர் போகாது. குளிரில் ரெசின் இறுகாமல் பிசுபிசுக்கும். அதனால் வார நாட்களில் சௌனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்பில் நாலு கட்டை மட்டும் எரித்து, ரெசின் ஊற்றிய அச்சுகளைக் கீழ்ப்பலகையில் வைப்பாள். குளிக்கும்போது செய்வதுபோல அடுப்பின் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஈரம் பட்டால் எல்லாம் கெட்டுவிடும். தண்ணீர் வாளியை வெளியே எடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள்.

மே மாதம் பக்கத்து வீட்டு ஓர்வோக்கி ஒரு உறையோடு வந்தாள். பள்ளிச் சமையற்காரி, கணவனை இழந்து ஒன்பது வருடம்.

"என்னடி இது, மாட்டுக்கு வச்ச புல்லா?"

"எண்ணிப் பாரு."

ஏழு உலர்ந்த பூக்கள். எல்லாமே பொட்டளவு. சிர்க்கு நிமிர்ந்தாள். நடுக்கோடை இரவில் வாய் திறக்காமல் ஏழு புல்வெளிகளில் ஏழு பூப்பறித்துத் தலையணைக்கடியில் வைத்தால், கனவில் வருபவன்தான் மாப்பிள்ளை என்பார்கள்.

"பதினாறு வயசுப் பொண்ணு செய்யறதை அறுபது வயசுல செஞ்சியா?"

"போன வருஷம் தூக்கம் வரலை. செஞ்சேன்."

"யாரு வந்தது?"

"சொல்லக் கூடாது."

"ஃபெர்ரி ஓட்டற உர்ஹோதானே? அக்கரையில உனக்கு ஒரு வேலையும் கிடையாது. வாரத்துக்கு நாலு தடவை போய்ட்டு வர்றே."

ஓர்வோக்கியின் கழுத்து சிவந்தது. "இந்தத் தடவை நெருப்பு மூட்டற அன்னிக்கு இதைப் பதக்கமாப் போட்டுக்கிட்டு நானே அவர்கிட்ட கேட்கப் போறேன். இது இல்லாம எனக்குத் தைரியம் வராது சிர்க்கு."

சிர்க்கு அந்தப் பூக்களை ஒரு வாரம் மறுபடி உலர்த்தினாள். துளி ஈரம் இருந்தாலும் உள்ளே பழுப்பாகிவிடும். மெல்லிய படலம் ஊற்றி, இடுக்கியால் அடுக்கி, மேலே இன்னொன்று ஊற்றி, குமிழிகளைச் சூடான ஊசியால் குத்தினாள். ஜூனில் ஒரு வியாழன் மதியம் கடைசிப் படலத்தை ஊற்றிச் சௌனாவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். மறுநாள் நடுக்கோடைப் பண்டிகை, கரையில் நெருப்பு மூட்டும் நாள். குளிக்க நிரப்பிய வாளி உள்ளேயே இருந்தது.

திரும்பி வந்தபோது சௌனா வாசல் படியில் ஓர்வோக்கி துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

"புகை வந்துச்சு, நுழைஞ்சுட்டேன். சூடுதான் கொஞ்சம் கம்மி. கல்லுல ஒரு கரண்டிதான் ஊத்தினேன்."

சிர்க்கு பையைப் போட்டுவிட்டு ஓடினாள். பதக்கம் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. ஒரு பூகூடத் தெரியவில்லை.

பின்னால் வந்து பார்த்த ஓர்வோக்கி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "பதில் வந்துடுச்சு. கேட்காதேங்குது."

"அது ஒண்ணும் பேசலை. ஹார்டனர் ஈரத்தைக் குடிச்சிருக்கு. வாளியை விட்டுட்டுப் போனது நான்."

"பூ போச்சா?"

"காலையில இறுகட்டும், பாத்துச் சொல்றேன்." ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். மெழுகுபோல ஒரு படிவு விரலோடு வந்தது. உப்புத்தாளை நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். முதலில் மஞ்சள் எட்டிப்பார்த்தது. பிறகு ஒரு இளஞ்சிவப்பு. ஓர்வோக்கி மூச்சுவிடாமல் எண்ணினாள். ஆறு வந்துவிட்டது. ஓரத்து நீலப்பூ மட்டும் மூட்டத்துக்குள் இருந்தது. இன்னும் தேய்த்தால் இதழ் கிழியும். சிர்க்கு கையை எடுத்தாள்.

"மேலே ஒரு படலம் ஊத்தணும். நாளைக்கு மதியம்தான் கைக்கு வரும்."

"நெருப்பு இன்னிக்கு. சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் உர்ஹோ பென்ஷன் வாங்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டா? பூவா பேசப்போவுது? நீதானே பேசணும்."

ஓர்வோக்கி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சிர்க்கு நெருப்புக்குப் போகவில்லை. புதுப் படலம் ஊற்றிவிட்டு, அடுப்பில் கட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஓர்வோக்கியும் உர்ஹோவும் சேர்ந்து வந்தார்கள். உர்ஹோவின் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தாடையில் சவரக் கத்தி பட்ட கீறல்.

"காஞ்சுடுச்சா?" என்றார்.

பதக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்த ஓரத்துல என்ன மூட்டம்?"

"நான் தண்ணி ஊத்தினது" என்றாள் ஓர்வோக்கி.

"காலையில முதல் நடை போறப்ப ஏரி இப்படித்தான் இருக்கும்."

ஓர்வோக்கியின் கழுத்துக்குப் பின்னால் சங்கிலிக் கொக்கி அவர் தடித்த விரல்களுக்குள் அகப்படவில்லை. சிர்க்கு உதவிக்குக் கை நீட்டினாள்.

"நீ சும்மா இருடி" என்றாள் ஓர்வோக்கி, தலையைக் குனிந்தபடி. "எவ்வளவு நேரமானாலும் அவரே மாட்டட்டும்."