கறுப்புக் கேமராவின் மஞ்சள் கட்டம்

இருபத்தாறு மணி நேரம் அந்த இரண்டு கேமராக்களும் என்னிடம் இருந்தன. சனி மாலை நான்கிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை. நான் இயற்பியல் படித்தவள். கண்டதையும் அளந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

செஞ்சி கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ராஜாங்கம் அண்ணனுக்கு ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் உதவி வருகிறேன். அதற்கு ஒரு பழைய ஃபிலிம் கேமரா தருவதாகச் சொல்லியிருந்தார். என் முதல் கேமரா.

“வெள்ளி ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. உன் கண்ணுக்கு எது ஒத்துவருதோ வச்சிக்க. இன்னொண்ணு, கேமரா கேட்டிருக்கிற ஒரு புதுச்சேரிக்காரருக்கு. அப்பறம் மாத்த முடியாதும்மா.”

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனி ஜன்னல். அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். அப்போது வளையம் காட்டும் எண்தான் தூரம்.

வெள்ளியின் ஜன்னல் பெரியது. ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஓரங்கள் தெரியவில்லை, கட்டமும் மங்கல். கறுப்பின் ஜன்னல் சிறியது. கட்டம் மட்டும் மஞ்சளாய், பளிச்சென்று இருந்தது. அன்றிரவே கறுப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் தோழி அன்புக்கரசியோடு கோட்டைக்குப் போனேன்.

மணி 3.40. கல்யாண மகால். காலடியால் அளந்து, ஒன்பது மீட்டரில் ஒரு வளைவைக் கறுப்பில் பார்த்தேன். கட்டத்துக்குள் ஒரு பெண், முதுகைக் காட்டி நின்றாள். வளையத்தைத் திருப்பினேன். ஐந்து மீட்டரில் ஒன்றானாள்.

கேமராவை இறக்கினேன். யாரும் இல்லை.

“ஆள நிக்க வச்சு வெளையாடுறியா?” என்றேன்.

அன்புக்கரசி வாங்கிப் பார்த்தாள். “யாருமே இல்லியேடி. வெயில்ல மண்ட காஞ்சிடுச்சா? தண்ணியக் குடி.”

சிரிப்பை அடக்குகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். அடக்கவில்லை. கேமராவின் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கலாம். ஆனால் பூஞ்சை எப்படி ஐந்து மீட்டரில் நிற்கும்?

3.52. எதிர்ப்பக்கம் திரும்பினேன். வெறும் மதில். கட்டத்தில் அவள்... மூன்று மீட்டர்.

அதுவரை கேட்ட குரங்குகளின் சத்தம் நின்றிருந்தது.

4.01. ஒன்றரை. மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள்...

4.03. ஒரு மீட்டர். வளையம் அதோடு முடிகிறது.

கட்டம் முழுக்க நெற்றி. இரண்டு நெற்றிகள்.

ஒன்றாகவில்லை.

அதைவிடக் கிட்டே...

மாலை ஆறு மணிக்குக் கறுப்பை ராஜாங்கம் அண்ணன் மேசையில் வைத்தேன். “வெள்ளியே போதும்ணா.”

அவர் சிரித்தார். “கண்டுபுடிச்சிட்ட! சயின்ஸ் படிச்ச பொண்ணு ஏமாறுதான்னு பாக்கத்தான் அதையும் குடுத்தேன்.”

“இன்னா கண்டுபுடிச்சேன்?”

“ரெண்டாவது உருவத்தக் காட்டுறதுக்கு உள்ள ஒரு கண்ணாடி இருக்கும்ல? கறுப்புல இருந்ததக் கழட்டித்தான் வெள்ளிக்குப் போட்டேன். அந்தப் புதுச்சேரிக்காரரு ஷோகேஸ்ல வைக்கத்தான் கேக்குறாரு. ஆறு வருஷமா கறுப்புல கட்டமே தெரியாதும்மா.”