மறுபக்கச் சக்கரங்கள்

பங்குனி பிறந்த முதல் ஞாயிறு. நாளைக் குறிக்காமல் எதையும் எழுதத் தொடங்க எனக்கு வராது. தில்லியில் ஸ்வெட்டர்கள் பெட்டிக்குள் போய்விட்டன. மின்விசிறிக்கு இன்னும் வேலை வரவில்லை.

என் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, குளிர்காலம் முழுவதும் தில்லி துவாரகாவில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் விடவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரை நடப்பாள். வாசற்படியைக் கண்டால் நின்றுவிடுவாள். இந்த மாதமும் வெளியில் நடக்காவிட்டால் அப்புறம் நடப்பது கடினம் என்று, பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழைய நீராவி இன்ஜின்கள் நிற்கும் ரயில் காட்சியகத்துக்குப் போவது வழக்கம். அன்று கூட வருகிறாயா என்று கேட்டேன்.

"வரேன். ஆனா சக்கர நாற்காலியிலேயே இருப்பேன். நடன்னு சொன்னீங்கன்னா அங்கேயே டாக்ஸி பிடிச்சு வந்துடுவேன்."

சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். மடித்த வாக்கரை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். இலவ மரங்கள் பூவை உதிர்த்திருந்தன. ஒரு பெரிய இன்ஜினுக்கு எதிரே நிழல் பார்த்து நாற்காலியை நிறுத்தினேன்.

"இதுக்குப் பேரு பசிபிக்," என்றேன். "நாலு, ஆறு, ரெண்டு."

"எது நாலு?"

நீராவி இன்ஜின்களைச் சக்கரக் கணக்கால் பிரிப்பார்கள். முன்னால் இருக்கும் சிறிய சக்கரங்கள் வளைவில் வழிகாட்ட. நடுவில் பெரியவை, வண்டியை இழுக்க. பின்னால் உள்ளவை நெருப்புப் பெட்டியின் பாரத்தைத் தாங்க. மூன்று எண்களையும் சொன்னால் இன்ஜினின் உருவமே தெரிந்துவிடும். அந்தந்த அமைப்புக்குப் பட்டப்பெயரும் உண்டு. பசிபிக் என்ற பெயர், அந்தக் கடலைத் தாண்டி நியூசிலாந்துக்குப் போன இன்ஜின்களால் வந்தது என்பது ஒரு கட்சி. வேறு கட்சிகளும் உண்டு. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி ரெண்டுதானே இருக்கு?"

"ஒரு பக்கம் நின்னு எண்ணி, இரண்டால பெருக்கணும். அதான் முறை."

"அந்தப் பக்கத்தை யாரு பாத்தா?"

"யாரும் பாக்க வேண்டாம். அங்கேயும் அதேதான் இருக்கும்."

"ஸ்டோர் கீப்பரும் இதைத்தான் சொல்வான், 'இதே மாதிரி உள்ளே இன்னொரு அடுக்கு இருக்கு மேடம்'னு."

அவள் ஓய்வு பெறும்வரை தணிக்கைத் துறையில் இருந்தவள். கிடங்குகளுக்குப் போய்ச் சரக்கைச் சரிபார்ப்பது அவள் வேலை. கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போடமாட்டாள் என்று அலுவலகத்தில் பெயர்.

"அதோ அந்தக் குட்டி இன்ஜின்ல முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்லயே?"

"பூஜ்யம், ஆறு, பூஜ்யம். யார்டுல பெட்டி தள்றதுக்கு."

"இல்லாததுக்குப் பூஜ்யம் எதுக்கு?"

"உங்க ஆபீஸ்ல ஒண்ணும் இல்லன்னாலும் 'நில்'னு ரிப்போர்ட் அனுப்பல?"

"அச்சா. அது சரிதான்." கொஞ்சம் சிரித்தாள். பிறகு பசிபிக்கின் பின்னால் கோர்த்திருந்த கரி வண்டியைக் காட்டி, "இதோட சக்கரமெல்லாம் எந்தக் கணக்குல?" என்றாள்.

"சேர்க்கமாட்டாங்க. அது தனி வண்டி."

"பாருங்க, இப்பவே கணக்கு உதைக்குது. வாக்கரை விரிங்க."

விரித்துக் கொடுத்தேன். இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து, சிறிது நேரம் அப்படியே நின்றாள். தூரத்திலிருந்து காவலாளி, "மாதாஜி, ஆராம் சே," என்று மெதுவாகப் போகும்படி குரல் கொடுத்தார்.

"ஆராமா போனா அஞ்சு மணிக்குப் பூட்டிடுவீங்களே, பையா," என்று ஹிந்தியில் பதில் சொல்லிவிட்டு வாக்கரை முன்னால் வைத்தாள்.

பாதை இன்ஜினின் முகப்பைச் சுற்றி அந்தப் பக்கம் திரும்புகிறது. இலவம்பூ மிதிபட்டால் வழுக்கும். நான் முன்னால் போய் ஒவ்வொன்றையும் காலால் ஒதுக்கினேன். திருப்பத்தில் அவள் நின்றாள். நாற்காலி இருபதடிக்குப் பின்னால் போய்விட்டது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் இன்ஜினின் விளக்கைப் பார்ப்பதுபோல் இருந்தேன். வாக்கரின் சத்தம் மறுபடி கேட்டது.

மறுபக்கம் வெயிலில் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேரே நின்று விரலை நீட்டினாள். இரண்டு சிறியவை, மூன்று பெரியவை, ஒன்று.

"டேலி ஆகுது," என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த தண்டவாளத்தில் ஒரு சரக்கு இன்ஜின் நின்றது. இரண்டு, எட்டு, இரண்டு. மிக்காடோ. ஜப்பானுக்காகச் செய்தபோது அந்த நாட்டுப் பேரரசரின் பட்டத்தால் அழைத்தார்கள் என்றேன். நாற்காலியை எடுத்து வரட்டுமா என்றும் கேட்டேன்.

மூச்சு அடங்கியதும் அவள் எழுந்தாள்.

"நீங்க இந்தப் பக்கம் எண்ணுங்க. நான் அந்தப் பக்கம் பாக்கறேன். கூட வராதீங்க, ரெண்டு பேரும் ஒரே பக்கம் எண்ணினா அது வெரிஃபிகேஷன் இல்ல."

போனாள். பாய்லருக்குக் கீழே, சக்கரங்களின் இடைவெளியில், வாக்கரின் கால்களும் அவள் செருப்பும் தெரிந்தன. ஒரு சக்கரம் மறைத்தது; காத்திருந்தேன்; அடுத்த இடைவெளியில் வந்தன. நடுவில் ஓரிடத்தில் வெகுநேரம் நின்றன. நான் கூப்பிடவில்லை.

"ஒண்ணு, நாலு, ஒண்ணு," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மூணாவது சக்கரத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கு. உங்க பக்கம் எப்படி?"