பின்சுவரில் ஒட்டிய குரல்

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் டிரைவரிடமே நியாயம் கேட்டுவிடுவேன். வகுப்பில் ஒரு பிள்ளை விடை சொல்ல யோசித்தால் பாதியை நானே சொல்லிவிடுவேன். பல வருடமாக அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய் வருகிறேன். பள்ளியில் எவ்வளவோ மாறிவிட்டது, என் அவசரம் மட்டும் மாறவில்லை.

போன வருடம் ஏழாம் வகுப்புக்குத் தண்ணீர் பற்றிய பாடம். புத்தகத்தை எடுத்தாலே கொட்டாவி விடுகிறார்களே என்று ஒரு புதையல் வேட்டை வைத்தேன். பள்ளிக்குள் எட்டு இடங்களில் கியூ.ஆர். கோடு ஒட்டியிருக்கும். போனைக் காட்டினால் ஒரு குரல் பேசி, அடுத்து எங்கே போக வேண்டும் என்று துப்புக் கொடுக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் போனால் அங்கே இன்னொரு கோடு. குரல் என்னுடையது இல்லை. எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு துப்பை எழுதி, வீட்டில் பேசிப் பதிந்து எனக்கு அனுப்ப வேண்டும். வேட்டை நடக்கும்போது அவரவர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, வந்துபோகும் அணிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டாவதாகக் கை தூக்கியவளைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அவளுக்குப் பேச்சு திக்கும். ‘ம’வில் தொடங்கும் சொல் வந்துவிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். பின்பெஞ்சில் யாராவது கிளுக்கென்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வளர்வதற்குள், அவள் சொல்ல வந்ததை நான் சட்டென்று எடுத்துச் சொல்லிவிடுவேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதை உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் அம்மா பஞ்சாலையில் வேலை பார்ப்பவர். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவரோடு மில்லுக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பும். ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், மூணு நாளா நான் வந்து எறங்குனதும் போனப் புடுங்கிக்கிட்டு வீட்டுக்குப் பின்னால போயிருறா. பேசுறா, அழிக்கிறா, திரும்பப் பேசுறா. என்னடின்னு கேட்டா, ‘கிளாஸுல எல்லாரும் ஒரு தடவயாச்சும் நான் பேசுறத முழுசாக் கேக்கணும்மா’ங்குறா.”

“அவசரமில்லம்மா, மெதுவா அனுப்பச் சொல்லுங்க” என்றேன். அவசரமில்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் பதிவு வந்தது. “மாடியில விழுற மழ குழாய் வழியா எறங்கி எங்க போய்ச் சேருது? அங்க போய்த் தேடுங்க.” ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பின்னால் யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம். பஸ்ஸில் உட்கார்ந்து நாலு தடவை கேட்டேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

கோடுகளை டவுனில் அச்செடுத்து வந்தேன். செல்லோடேப் எங்கள் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, வெயிலுக்குச் சுருண்டு விழுந்துவிடும். அதனால் சத்துணவு அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினேன். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், ஆடு மாடு வாய் வைக்காது. அது விஷமாயிற்றே, பிள்ளைகள் கை படுமே என்று நான் அதைச் சேர்க்கவில்லை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு கை உப்பு வேறு போட்டேன். வீட்டுக்கு வீடு ஆடு வளர்க்கிற ஊரில் உப்புப் பசை தடவிச் சுவரில் தாள் ஒட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் வேட்டை தொடங்கியது. மற்ற இடங்களில் ஒட்டிய ஏழும் பத்திரமாக இருந்தன. அவளுடையது பின்சுவரில். அங்கே காம்பவுண்டு இடிந்து கிடக்கும். நான் போய்ப் பார்த்தபோது தாளின் ஒரு மூலைதான் மிச்சம், சுவரில் நாக்கால் நக்கிய ஈரம். அவள் துவைத்த சீருடையில், இரட்டைச் சடையோடு அந்த மூலையையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நாள் பாடுபட்ட பிள்ளை. “என் போன்ல இருக்கும்மா, நான் போட்டுக் காட்டுறேன்” என்றேன்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். “நா… நானே சொல்றேன் டீச்சர்.”

அதற்குள் முதல் அணி போனும் கையுமாக ஓடி வந்துவிட்டது. முன்னால் வந்தவள் வகுப்பிலேயே பெரிய வாயாடி. பின்பெஞ்சில் கிளுக்கென்று சிரிப்பதிலும் அவள்தான் முதல் ஆள்.

“ஆடு தின்னுருச்சு. இ… இப்ப நான் சொல்றேன், கேளுங்க” என்று சுவரோரம் நின்றவள் ஆரம்பித்தாள். “ம… ம…”

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. ‘மாடியில’ என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

“டீச்சர்!” வாயாடி என் பக்கம் திரும்பினாள். “நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவ துப்ப அவதான் சொல்லணும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஜெயிக்க வேண்டும் என்று தலைதெறிக்க ஓடி வந்த ஐந்து பிள்ளைகளும் மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவளிடம் இருந்தது அவர்களுக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது.

“…மாடியில விழுற ம… மழ” என்று வந்துவிட்டது. மீதியும் வந்தது. “தொட்டிடீ! மழத்தண்ணித் தொட்டி!” என்று கத்திக்கொண்டு அணி ஓடியது.

அடுத்தடுத்து இன்னும் நாலு அணிகள் வந்தன. நாலு தடவையும் அவளே சொன்னாள். மூன்றாவது அணிக்கு ரொம்பத் திக்கியது, நான்காவதற்குக் குறைந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஒவ்வொரு தடவையும் என் வாய் துடித்தது. இத்தனை நாள் நான் அவளுக்குச் செய்தது என்ன என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது, வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வருகைப் பதிவு எடுத்தேன். மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள். அவள் முறை வந்தால் நான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, நானே குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். ஜூனிலிருந்து அப்படித்தான். அன்று அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அவள் திடுக்கிட்டு எழுந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு குவிந்து அப்படியே நின்றது. நான் காத்திருந்தேன், வகுப்பும் காத்திருந்தது.

“உ… உள்ளேன் டீச்சர்.”