இரண்டு டம்ளர் மோர்

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கல்லூரியில் உளவியல் படித்த மூன்று வருடமும் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். அந்தப் படிப்பில் அவளுக்குப் பிடிக்காத பிரிவே கிடையாது. ஒரு மாதம் ஞாபகசக்தி. தட்டில் பத்துச் சாமான்களை வைத்துக் காட்டி, துணியால் மூடிவிட்டு, என்னென்ன இருந்தது என்று என்னைக் கேட்பாள். அடுத்த மாதம் கனவு. பல் தேய்க்கக்கூட விடாமல் என் கனவை எழுதிக்கொள்வாள். கனவே வராத நாளில் நானாக ஒன்றை ஜோடித்துச் சொல்வேன். பாவம், ஏமாந்துபோவாளே! பிறகு தொழிலாளர் மனம் என்று ஆரம்பித்து, ஃபேக்டரியிலிருந்து களைத்து வரும் அப்பாவை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

அப்பாவுக்கு எரிச்சல். “எதுலயாவது ஒண்ணுல நில்லு. மேல படிக்கணும்னா, இந்தப் படிப்புல அப்படி என்னதான் இருக்குன்னு ஞாயித்துக்கிழமை எனக்குக் காட்டு. இல்லேன்னா நசரத்பேட்டை வரனுக்குச் சரின்னு சொல்லிடறேன்” என்றார். யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒன்றுதான் விளங்கியது: அத்தை போய்விடுவாள்.

சனிக்கிழமை அத்தை ஒத்திகை பார்த்தாள். இரண்டு டம்ளரில் சமமாக மோர். ஒன்றில் இருந்ததை அப்படியே, விருந்தாளிகளுக்கு எடுக்கும் ஒல்லியான, உயரமான கண்ணாடி கிளாஸில் ஊற்றி, “எதுலடி அதிகம்?” என்றாள். நான் உயரமான கிளாஸைக் காட்டினேன். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். என் கன்னத்தைக் கிள்ளினாள். எதிர்வீட்டு அண்ணன் ஏழாவது படிப்பவன். அவனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“இன்னா பாப்பா நீ! அதே மோர்தானே, ரெண்டும் ஒண்ணுதான். கிளாஸு ஒசரமா கீதுன்னு ஏமாந்துட்டு, வந்து பீத்திக்கினு கீற!”

எனக்கு மானமே போயிற்று. நான் தப்பாகச் சொன்னதை மறைக்கத்தான் அத்தை சிரித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அன்று முழுக்க ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று மனப்பாடம் செய்தேன்.

ஞாயிறன்று அத்தை ஒரு சீட்டில் ஏதோ எழுதி மடித்து, “அவ பதில் சொன்னப்புறம் பிரிச்சுப் பாருங்கண்ணே” என்று அப்பாவிடம் கொடுத்தாள். மோரை ஊற்றி என்னைக் கேட்டாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன், “ரெண்டும் ஒண்ணுதான்!”

அப்பா சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்: “இந்த வயதுக் குழந்தை, உயரமான கிளாஸில்தான் அதிகம் என்று சொல்லும்.” சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “அஞ்சு வயசுப் பொண்ணு உன் புஸ்தகத்தையே கவுத்துட்டாளேம்மா!”

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் என்னைத் திட்டவில்லை. மடியில் இழுத்துக்கொண்டு, “யாருடி செல்லம் சொல்லிக்கொடுத்தா?” என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எதிர்வீட்டு அண்ணன். நான் தப்பாச் சொன்னா நீ ஃபெயிலாகி நசரத்பேட்டைக்குப் போயிடுவியே!”

அப்பாவின் சிரிப்பு நின்றது. அத்தை என் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, “எனக்கு எது புடிக்கும்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. குழந்தைங்க மனசு” என்றாள். அப்பா கிளாஸிலிருந்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த வாரம் மேல்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார்.

நான் சரியாகப் பதில் சொன்னதால்தான் அத்தைக்கு மேல்படிப்பு கிடைத்தது என்று பல வருடம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள்.