பரோலோவுக்குப் பொட்டு வைத்த நாள்

துபாயில் ஓர் ஓட்டலின் வைன் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆனால் இத்தாலியில் எந்த மலைச்சரிவில் எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாகத் திராட்சை பயிரிடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் லேபிள் படித்து வந்த ஞானம். சேர்ந்த புதிதில் அந்த ஞானமும் இல்லை, சுறுசுறுப்பு மட்டும் ஏராளமாக இருந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. ஊரில் அன்று லாரியிலிருந்து அரிவாள்மனை வரை கழுவிப் பொட்டு வைப்போம். இங்கே எனக்குச் சோறு போடுவது பாட்டில்கள்தானே? காலையில் டியூட்டிக்கு வந்ததும், வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பித் தூசி துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எனக்கு ஒரே பெருமை.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பரோலோ என்கிற இத்தாலியச் சிவப்பு வைன் பாட்டில் ஒன்றைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன் தம்பி இப்படிப் பண்ணுன? பழைய வைன்ல அடியில வண்டல் தங்கியிருக்கும். ஆட்டுனா கலங்கிக் கசந்துரும். இன்னிக்கு மதியம் இதைத்தான் அந்தம்மாவுக்குத் திறக்கோணும்!”

அந்த அம்மாள் இத்தாலியிலிருந்து வந்திருந்தவர். அவருடைய அப்பா, இறப்பதற்கு முன் பரம்பரை எஸ்டேட்டில் நோயோடு செய்த கடைசி வைன் அது. பெரியவருக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று சொல்லியே அந்த அம்மாளின் அண்ணன் எஸ்டேட்டை விற்றுவிட்டாராம், இருந்த பாட்டில்களோடு சேர்த்து. எங்களிடம் ஒன்று மிஞ்சியிருப்பதை அறிந்து, அண்ணன் சொன்னது உண்மையா என்று தானே ருசித்துப் பார்க்க வந்திருந்தார். அன்று இரவே அவருக்கு விமானம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மேனேஜர், “நீ வாயே திறக்காத. திறந்தா உனக்கு ஊருக்கு டிக்கெட்தான். கலாஸ்” என்றார்.

பொட்டை அழித்துவிட்டு நானே பாட்டிலை மேஜைக்கு எடுத்துப் போனேன். மேனேஜர் திறந்து ஊற்றினார். கிளாஸில் கலங்கலாக விழுந்தது. அந்த அம்மாள் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. “என் அண்ணன் சொன்னது சரிதான்” என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

செத்துப்போன மனிதர் என் தப்பைச் சுமப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், உங்கள் அப்பா மேல் தப்பில்லை. காலையில் நான்தான் ஆட்டினேன்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பூஜையையும் குங்குமத்தையும் விளக்கினேன். மேனேஜர் பார்த்த பார்வையில் டிக்கெட் தெரிந்தது.

அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைத்தார். கிளாஸை யாரும் தொடக் கூடாது என்றார். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து, சுற்றிலும் நாற்காலிகளை அடுக்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நானும் போகவில்லை. சாயங்காலம் கிளாஸின் அடியில் வண்டல் இறங்கி, மேலே செம்மண் நிறத்தில் தெளிந்திருந்தது.

அசைக்காமல் எடுத்து, மேலாக ஒரு வாய் உறிஞ்சினார். நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கைபேசியில் அண்ணனை அழைத்தார். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. அழுதுகொண்டே அவரைத் திட்டித் தீர்க்கிறார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.