பாக்கியமேரி அச்சடித்த ஒற்றைத் தாள்

பாக்கியமேரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். பாலக்கரையில் முகம்மது கனியின் அச்சகத்தில் உட்கார்ந்து, பள்ளியின் வைரவிழா மலரைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"கனி பாய், இது நான் எழுதிக் கொடுத்தது இல்லையே?"

"பள்ளிக்கூட ஆபீஸ்லேர்ந்து மாத்தி அனுப்புனாங்க டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சிதான்னு நெனச்சேன்."

மருங்காபுரிப் பக்கத்தில் இருந்த நல்லேர் வேளாண் உறைவிடப் பள்ளியின் அறுபது வருட வரலாற்றை எழுதித் தரச் சொல்லி நிர்வாகம்தான் அவரிடம் கேட்டிருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதினார். அச்சில் இருந்தது ஒன்றரைப் பக்கம். அதன் முதல் வரி இப்படி இருந்தது: 'வெளிநாட்டு நண்பர்களின் நன்கொடையால் விலைக்கு வாங்கப்பட்ட தரிசு நிலத்தில் 1963-இல் இப்பள்ளி தோன்றியது.'

விலைக்கு வாங்கப்பட்ட நிலம்! அந்த வரியை மூன்று முறை படித்தார்.

நாற்பத்திரண்டு ஏக்கரும் சுற்றுவட்டத்தில் எட்டுக் குடும்பங்கள் சும்மா கொடுத்தது. மானாவாரி பூமியில் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு இடம் வேண்டும், படித்துவிட்டு அதே மண்ணில் நன்றாகப் பயிர் வைக்க வேண்டும் என்று கொடுத்தது. அதில் பதினோரு ஏக்கர், கிணற்றோடு, சேக் மைதீன் என்பவருடையது.

பாக்கியமேரி அந்தப் பள்ளிக்குப் போனது 1988-இல். பொன்மலை ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகள், வேளாண்மைப் பட்டம் படித்த இருபத்து மூன்று வயதுப் பெண். "வெயில் உனக்கு ஒத்துக்காதும்மா, ஆபீஸ்ல உக்காந்து ரிஜிஸ்டர் எழுது" என்றார் அப்போதைய தாளாளர். பாக்கியமேரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலைக் காட்டுக்குள் இறங்கினார். முப்பத்தோரு வருடம் ஏறவில்லை.

அப்போது அங்கே பையன்கள் மட்டும்தான் படித்தார்கள். 1990-இல் சேக் மைதீன் தன் மகள் ஷரபுன்னிசாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை என்றார் தாளாளர். "நெலத்த எழுதிக் கொடுக்கும்போது ஆம்பளப் புள்ளைக்கு மட்டும்னு நான் எழுதலையே. வேணும்னா பத்திரத்த எடுத்துப் பாருங்க" என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது. முதல் வருடம் பதினோரு பெண்கள். விடுதி இல்லாததால் ஆட்டுக்கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துப் படுத்தார்கள். பாக்கியமேரியும் அவர்களோடு அங்கேயே பாய் விரித்தார்.

எல்லாவற்றையும் அவர் எழுதியிருந்தார். கிணறு வற்றிய வருடம் பிள்ளைகளை இறக்கியே தூர் வாரியதையும், அந்தப் பருவம் அவர்கள் பாதி நாள் வகுப்பைப் பார்க்காததையும், அதைத் தடுக்காத ஆசிரியர்களில் தானும் ஒருத்தி என்பதையும் மறைக்கவில்லை. இப்போது அச்சில் ஆட்டுக்கொட்டகையும் இல்லை, கிணறும் இல்லை, சேக் மைதீனும் இல்லை.

மறுநாளே பஸ் ஏறினார். செயலாளர் டோமினிக் எழுந்து நின்று வரவேற்றார். பொறுப்புக்கு வந்து நான்கு வருடம். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காத மனிதர்.

"உக்காருங்க மிஸ், ஜூஸ் சொல்லட்டுமா?"

"வேணாம். நெலத்த வாங்குனதா போட்டிருக்கீங்களே, யார்கிட்ட வாங்குனீங்க?"

"மிஸ், அறுபது வருஷக் கதை. எல்லாத்தையும் மலர்ல போட முடியுமா? பக்கம் பத்தல."

"வாழ்த்துச் செய்திக்கு மட்டும் இருபத்தாறு பக்கம் இருக்கு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வரேன்."

டோமினிக் சிரித்தார். "இப்ப யாரு மிஸ் விவசாயம் படிக்க வர்றா? நீட் கோச்சிங் இருக்கான்னு கேக்குறாங்க. பெருசுபடுத்தாதீங்க. மேடையில உங்களுக்குத்தான் மொத சால்வை."

பாக்கியமேரியின் கண் அவர் மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் விழுந்தது. கிணறு, கடலைக் காடு, பழைய விடுதி எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றின்மேலும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு மனை எண்.

வாங்கிய நிலமென்றால் விற்கலாம். தானமாக வந்த நிலமென்றால், யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று எவனாவது கேட்பான். அதற்குத்தான் அந்த ஒரு வரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு டோமினிக்மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் இருந்ததுதான் அதிகம். 2011-இல் பள்ளியின் பெயரிலிருந்து 'வேளாண்' என்ற சொல்லை எடுத்தார்கள். எடுத்தால் சேர்க்கை கூடும் என்றார்கள். ஆசிரியர் பிரதிநிதியாகக் கையெழுத்துப் போட்டது யார்? அவர்தான். எட்டே வருடத்தில் வேளாண் பிரிவையே மூடி, அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூடுகிற அன்று அவர் வாய் திறக்கவில்லை. 'நீயெல்லாம் ஒரு வாத்தியாரா' என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

ஷரபுன்னிசா இப்போது துவரங்குறிச்சியில் விதைக்கடை வைத்திருந்தாள். பத்திரத்தைப் பற்றிப் பாக்கியமேரி போனில் கேட்டதும், "அத்தா மவுத்தானதுக்கப்புறம் அந்தப் பத்திரத்த நாங்க யாரும் தேடல டீச்சர்" என்றாள். இருவரும் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு, ஒன்பது நாள் கழித்து நகல் வாங்கினார்கள். வேளாண் கல்விக்காக மட்டுமே நிலம் பயன்பட வேண்டும், அது நின்றுபோனால் கொடுத்தவரின் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. கீழே சேக் மைதீனின் கோணல்மாணலான கையெழுத்து. ஷரபுன்னிசா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"விட்டுடலாமா டீச்சர்? பெரிய எடம்..."

"நீ விடுறதுன்னா விடு. நான் விடல."

"நான் எங்க விட்டேன்?" என்று அவளும் சீறினாள்.

மலருக்குள் அந்தப் பக்கத்தைச் சேர்க்க முகம்மது கனி ஒப்புக்கொள்ளவில்லை. "அது அவங்க புத்தகம் டீச்சர், நான் கைவைக்கக் கூடாது. தனித் தாளா வேணும்னா அடிச்சித் தரேன்" என்றார். ஒரு புறம் பத்திர நகல், மறுபுறம் பாக்கியமேரி எழுதிய வரலாற்றின் சுருக்கம். கீழே தன் அச்சகத்தின் பெயரையும் போட்டார். வேண்டாம் பாய், உங்களுக்குத் தொந்தரவு என்று பாக்கியமேரி சொல்லியும் கேட்கவில்லை. "பேரு போடாம அடிச்சாத்தான் திருட்டு வேலை." பள்ளியின் வேலை எதுவும் அதற்குப் பிறகு அவருக்கு வரவில்லை.

விழா நாள் காலையில் பழைய மாணவர்களுக்காகச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நான்கு பஸ்கள் கிளம்பின. ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் பாக்கியமேரியும் ஷரபுன்னிசாவும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "என்ன டீச்சர் இது?" என்று கேட்டவர்களிடம், "படி. ஒன்றரை மணி நேரம் இருக்குல்ல" என்றார் பாக்கியமேரி. கடைசி பஸ்ஸில் அவர்களும் ஏறிக்கொண்டார்கள்.

பஸ்கள் போய்ச் சேர்ந்தபோது யாரும் பந்தலுக்குள் போகவில்லை. தாளைக் கையில் பிடித்தபடி கிணற்றடியில் கூட்டமாக நின்றார்கள். டோமினிக் ஓடி வந்தார். முதல்முறையாக அவர் மரியாதை கழன்று விழுந்தது.

"சோறு போட்ட எடத்துக்கே துரோகம் பண்றீங்களே மிஸ்!"

"சோறு போட்டது இந்த மண்ணு. அதுல வெதச்சதும் அறுத்ததும் இதோ நிக்கிறாங்களே, இவங்க. நீங்க எப்ப வந்தீங்க?" பாக்கியமேரி முணுமுணுப்பது போலத்தான் சொன்னார். ஆனால் கிணற்றடி முழுக்கக் கேட்டது.

அன்று யாருக்கும் சால்வை விழவில்லை. பொய்ப் பிரசுரம் என்று நிர்வாகம் போலீஸில் புகார் கொடுத்தது. விசாரிக்கக் கூப்பிட்ட பாக்கியமேரியை, பத்திர நகலைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து அனுப்பி வைத்தார்கள். ஷரபுன்னிசா வழக்குப் போட்டாள். பதினோரு ஏக்கரில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தடை கிடைத்தது.

மற்ற ஏழு குடும்பத்தாரின் பத்திரங்களில் அப்படி ஒரு நிபந்தனை எழுதப்படவில்லை. அந்தக் காலத்தில் நம்பிக் கொடுத்திருந்தார்கள். அந்த முப்பத்தோரு ஏக்கரில் மனைக் கல் நட்டாகிவிட்டது. பழைய மாணவர்களில் பாதிப்பேர் ஒரு வாரம் வாட்ஸப்பில் கொதித்துவிட்டு அடங்கினார்கள். இரண்டு பேர் மனை வாங்கினார்கள்.

தடை உத்தரவு வந்த அன்று ஷரபுன்னிசா மிட்டாய்ப் பெட்டியோடு பாலக்கரையில் பாக்கியமேரியின் வீட்டுக்கு வந்தாள். "ஜெயிச்சிட்டோம் டீச்சர்."

"பதினொண்ணு ஜெயிச்சோம். முப்பத்தொண்ணு போச்சு" என்றார் பாக்கியமேரி. மிட்டாயை எடுத்து வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. மேசைமேல் ஒரு மனு பாதி எழுதிக் கிடந்தது. மனைப் பிரிவின் முகப்பில் 'நல்லேர் நகர்' என்று வளைவு கட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை எடுக்கச் சொல்லிக் கலெக்டருக்கு எழுதிக்கொண்டிருந்தார். "ஏர் ஓடுன எடத்த அழிச்சிட்டு அந்தப் பேர வேற வச்சிக்குவானுங்களா?" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.